பழைய காரை விற்ற பிறகு புகார் வந்தால்: விற்றவர் எதற்குப் பொறுப்பு, எதற்கு இல்லை?

காரை விற்றாகிவிட்டது. ஜேபிஜே அலுவலகத்தில் இருவரும் கைரேகை வைத்துப் பெயரும் மாற்றியாகிவிட்டது. வந்த பணத்தில் பாதி மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும், மீதி அடுத்த காரின் முன்பணத்துக்கும் போய்விட்டது. மூன்றாவது வாரம், இரவு ஒன்பது மணிக்குப் புலனத்தில் ஒரு குரல் பதிவு வருகிறது: "அண்ணே, காடி கியர் எடுக்க மாட்டேங்குது. ஒர்க்‌ஷாப்ல பார்த்துட்டு கியர்பாக்ஸ் போச்சுன்னு சொல்றாங்க. 2,800 வெள்ளி ஆகுமாம். நல்ல காடின்னுதானே சொல்லிக் கொடுத்தீங்க? இப்ப என்ன செய்யப் போறீங்க?"

பழைய மைவியையோ சாகாவையோ நேரடியாக விற்றவர்களில் பலர் இப்படி ஒரு செய்தியைக் கேட்டிருப்பார்கள். நம்மவர்களிடையே கார் பெரும்பாலும் தெரிந்தவர் கைக்கே போகிறது. ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர், தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் வேலை செய்பவர், கோயில் திருவிழாவில் ஆண்டுதோறும் முகம் பார்ப்பவர் என வாங்குபவர் யாரோ ஒருவராக இருப்பதில்லை. அதனால் புகார் வந்ததும் விற்றவர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். வெட்கத்துக்கு அஞ்சி, கேட்ட பணத்தை அப்படியே கொடுத்துவிடுகிறார். அல்லது எண்ணைத் தடை செய்துவிட்டு, "வித்தாச்சு, இனி நம்ம பொறுப்பு இல்லை" என்று இருந்துவிடுகிறார். முதலாவதில் கொடுக்கத் தேவையில்லாத பணம் போகலாம். இரண்டாவதில், பேசி முடித்திருக்கக்கூடிய விவகாரம் நீதிமன்றம் வரை போகலாம்.

இரண்டில் எதையும் செய்வதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். விற்கும்போது காரைப் பற்றி என்ன சொல்லப்பட்டது? தனியாள் விற்பனையில் காரின் நிலைக்கு விற்றவர் பொறுப்பாவது குறைவு. தம் வாயால் சொன்ன சொல்லுக்கு அவர் பொறுப்பாவது அதிகம். விவகாரம் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

வியாபாரி வேறு, வீட்டுக்காரர் வேறு

தீபகற்ப மலேசியாவில் பொருள் விற்பனைக்கான அடிப்படைச் சட்டம் 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம். விற்கும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று அதன் 16ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால், அத்தகைய பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவருக்குத்தான் அந்தக் கடமை. பழைய கார் வியாபாரி அதில் அடங்குவார். ஒன்பது ஆண்டு தாம் ஓட்டிய காரை விற்கும் லாரி ஓட்டுநரோ ஆசிரியையோ அடங்கமாட்டார். அவர் எதையும் வாக்குறுதியாகச் சொல்லாதவரை, கியர்பாக்ஸ் ஆறு மாதம் தாங்கும் என்ற உத்தரவாதத்தைச் சட்டம் தானாக அவர் தலையில் ஏற்றுவதில்லை.

"பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவேன்" என்ற மிரட்டலும் அடிக்கடி வரும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் அந்தத் தீர்ப்பாயம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. ஆனால் வணிகம் செய்பவர்மீதுதான் அங்கே கோரிக்கை வைக்க முடியும். தம் சொந்தக் காரை விற்ற தனியாள் அந்த வரையறைக்குள் வரமாட்டார். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மாதம் இரண்டு மூன்று கார்களை வாங்கி, கழுவி மெழுகி, முகநூலில் போட்டு விற்றுக்கொண்டிருப்பவர் "நான் வியாபாரி இல்லை, தனியாள்தான்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கடைப் பலகை இல்லாவிட்டாலும் செய்வது வியாபாரம்தான்.

தனியாளுக்கும் தப்ப முடியாத இரண்டு கடமைகள் அதே 1957 சட்டத்தில் இருக்கின்றன. முதலாவது, காரை விற்கும் உரிமை தமக்கு இருக்க வேண்டும். வங்கிக் கடன் பாக்கியிருப்பதை மறைத்திருக்கக்கூடாது. இரண்டாவது, விவரித்துச் சொன்ன காரும் கொடுத்த காரும் ஒன்றாக இருக்க வேண்டும். 2012 மாடல் என்று சொல்லி 2010 மாடலையோ, 1.5 என்று சொல்லி 1.3 எஞ்சினையோ கொடுத்தால், விற்றவர் தனியாளா வியாபாரியா என்று சட்டம் பார்ப்பதில்லை.

சட்டப் புத்தகத்துக் குதிரை

சரி, விற்றவருக்குக் குறை தெரியும், ஆனால் சொல்லவில்லை. அது ஏமாற்றா? இந்தக் கேள்விக்கு 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு குதிரையை வைத்து விடை சொல்கிறது. கார் ஓடாத காலத்து எடுத்துக்காட்டு என்றாலும், நம் விவகாரத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

ஒருவர் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறார். நோய் இருப்பது அவருக்குத் தெரியும், ஆனால் வாய் திறக்கவில்லை. இது ஏமாற்று இல்லை என்கிறது சட்டம். வெறும் மௌனம் குற்றமாகாது. அடுத்த எடுத்துக்காட்டில் நிலைமை மாறுகிறது. வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்கிறார். விற்பவர் அப்போதும் பேசாமல் இருக்கிறார். இங்கே மௌனமே பேச்சாகிவிடுகிறது. அது ஏமாற்று.

கார் விற்பனையில் இந்த இரண்டாவது நிலை புலனத்தில் தினமும் நடக்கிறது. "அண்ணே, கியர்பாக்ஸ்ல எதுவும் பிரச்சினை இல்லைதானே?" என்று வாங்குபவர் கேட்கிறார். விற்பவர் பதில் சொல்லாமல் கட்டை விரலை உயர்த்தும் குறியை மட்டும் போடுகிறார். பிறகு வழக்கு என்று வந்தால் அந்தக் குறி என்ன பேசும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவதாக ஓர் எடுத்துக்காட்டு. குதிரையை வாங்குபவர் விற்பவரின் மகள். அப்போதுதான் பருவ வயதை எட்டியவள். அங்கே உறவே ஒரு கடமையை உண்டாக்குகிறது. குறையைச் சொல்லியாக வேண்டும். அண்ணன் மகனுக்கு முதல் வேலை கிடைத்ததும் தம் பழைய காரைத் தள்ளிவிடும் சித்தப்பாக்கள் இதைக் கவனிக்கலாம். எல்லா உறவும் இந்த எடுத்துக்காட்டுக்குள் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்கத் தெரியாத வயதில், பெரியவர் சொல்லை அப்படியே நம்பி ஒருவர் வாங்கும்போது, "நான் எதுவும் சொல்லலையே" என்ற வாதம் வலுவிழந்து போகிறது.

குறை தெரிந்தே அதை மூடி மறைப்பதும் 17ஆவது பிரிவில் அடங்கும். எச்சரிக்கை விளக்கின் பல்பைக் கழற்றிவிடுவது, மீட்டரைக் குறைப்பது, துருவை மாவு பூசிச் சாயமடித்து மறைப்பது ஆகியவை மௌனம் அல்ல. அவை செயல்கள். இதில் பணம் திரும்பக் கேட்கப்படுவதோடு நிற்காது. குற்றவியல் சட்டத்தின் 420ஆவது பிரிவின் கீழ் மோசடிப் புகாராகப் போலீசுக்கும் போகலாம்.

எந்தச் சொல் சிக்க வைக்கும்?

"நல்ல காடி", "ஸ்மூத்தா ஓடும்", "எடுத்தா வருத்தப்பட மாட்டீங்க" என்பவை விற்பவர் எல்லாரும் பாடும் பாட்டு. பொதுவான புகழ்ச்சியை வைத்து மட்டும் ஒருவர்மீது வழக்கை நிலைநிறுத்துவது கடினம். "எஞ்சின் ஓவர்ஹால் செய்து ஆறு மாதம்தான் ஆகிறது", "ஒரு தடவைகூட மோதியதில்லை", "மீட்டர் உண்மையானது", "வெள்ளத்தில் மூழ்கவில்லை" என்பவை அப்படியல்ல. சரிபார்க்கக்கூடிய செய்திகள் அவை. பொய்யாக இருந்தால், விற்றவர் தனியாளாக இருப்பது அவரைக் காப்பாற்றாது.

வெள்ளம் பற்றிய கேள்வியை எளிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளான் வட்டாரத்திலும் கூரை வரை மூழ்கிய கார்களை நாடே பார்த்தது. நீரில் நின்ற காரைக் கழுவிக் காயவைத்து ஓட்டலாம். ஆனால் ஒயர் இணைப்புகளில் பிடிக்கும் துரு மாதங்கள் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். "தண்ணி ஏறினதா?" என்று கேட்டபோது "இல்லை" என்று சொல்லிவிட்டு, பிறகு இருக்கைக்கு அடியில் சேறு கிடைத்தால், சமாதானம் பேசுவதைத் தவிர விற்றவருக்கு வேறு வழி அதிகமில்லை.

தெரியாமல் சொன்ன பொய் ஒன்றும் உண்டு. இரண்டாவது கை உரிமையாளர், முதல் உரிமையாளர் சொன்னதை நம்பி "மோதியதில்லை" என்று சொல்லியிருப்பார். அது மோசடி ஆகாது. தவறான கூற்று என்ற வகையில் சேரும். அதன் அடிப்படையிலும் வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரலாம். ஆனால் சாதாரண அக்கறையோடு பார்த்திருந்தால் அவரே கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், அந்த உரிமை அவருக்குக் கிடைக்காது. தம் ஒர்க்‌ஷாப் ஆளைக் கூட்டி வந்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வாங்கியவருக்கு இது முக்கியம். "தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம்" என்பது விற்றவருக்குப் பிற்பாடு தோன்றும் யோசனை.

நடுவில் தரகர் இருந்தால் அவர் சொன்னதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விற்றவருக்காகப் பேசிய ரன்னர், காரை விற்கும் அவசரத்தில் எதையாவது கூட்டிச் சொல்லியிருந்தால், அந்தச் சுமை விற்றவர் பக்கமே திரும்பலாம்.

"புஷ்பகோம் பாஸ் ஆன காடிதானே" என்ற வாதத்தை இரண்டு தரப்பும் பயன்படுத்துவதுண்டு. இருவருக்கும் அது கைகொடுக்காது. பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை முக்கியமாகக் காரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதற்கானது. எஞ்சின் எண், சேசிஸ் எண் பதிவோடு பொருந்துகின்றனவா, வெட்டி ஒட்டிய காரா என்பது போன்றவை அதில் தெரியும். கியர்பாக்ஸ் இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு அது சான்றிதழ் அல்ல.

முதல் இரவில் என்ன பதில் போடுவது?

புகார் வந்த முதல் மணி நேரத்தில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. கோபத்தில் அனுப்பிய குரல் பதிவைத் திரும்ப எடுக்க முடியாது. இரக்கத்தில் "அந்தச் சத்தம் முன்னாடியே இருந்துச்சுப்பா, இவ்வளவு பெரிசாகும்னு நினைக்கலை" என்று சொல்லிவிட்டால், குறை முன்பே தெரியும் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவின்படி கணினி வழி உருவான ஆவணங்கள் நீதிமன்றத்தில் ஏற்கப்படுகின்றன. புலன உரையாடல்கள் இன்று வழக்குகளில் சாதாரணமாகக் காட்டப்படுகின்றன.

அதற்காக உண்மையை மறைக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முழு விவரம் தெரியும் முன்னே எதையும் ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ தேவையில்லை என்பதுதான். பதில் உடனே போக வேண்டும், சுருக்கமாக இருக்க வேண்டும், மரியாதையாக இருக்க வேண்டும். இப்படிப் போடலாம்:

"தம்பி, செய்தி கிடைத்தது. கார் இப்படி ஆனது எனக்கும் வருத்தம்தான். எந்த ஒர்க்‌ஷாப், என்ன குறை என்று எழுத்தில் வாங்கி அனுப்புங்கள். பழுது பார்க்க ஆரம்பிக்கும் முன் நானும் வந்து பார்க்கிறேன். அதன் பிறகு பேசுவோம்."

"பழுது பார்க்க ஆரம்பிக்கும் முன்" என்ற சொற்களை விட்டுவிடக்கூடாது. கியர்பாக்ஸைக் கழற்றி மாற்றிய பிறகு, பழைய குறை எது, புதிதாக ஏற்பட்டது எது என்று யாராலும் சொல்ல முடியாது. கழற்றிய பாகங்களைத் தூக்கிப் போடாமல் வைக்கச் சொல்வதும் நல்லது.

நேரில் போகும்போது காரைப் பற்றித் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லலாம். விற்ற நாளில் மீட்டர் எவ்வளவு, இன்று எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மூன்று வாரத்தில் 3,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால் அதுவே ஒரு செய்தி. எஞ்சின் சூடேறிய புகார் என்றால், வெப்பமுள் மேலே ஏறிய பிறகும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டினாரா என்று கேட்க வேண்டும். தண்ணீர் வற்றிய எஞ்சினைப் பத்து நிமிடம் கூடுதலாக ஓட்டினாலே சின்னக் குழாய் ஒழுகல் ஹெட் கேஸ்கெட் செலவாக மாறிவிடும். அந்தப் பத்து நிமிடம் விற்றவரின் கணக்கில் சேராது. 2,800 வெள்ளி என்று ஓர் ஒர்க்‌ஷாப் சொன்னால், வேறொரு கடையிலும் விலை கேட்டுப் பார்ப்பது தவறில்லை. பயன்படுத்திய கியர்பாக்ஸ் போட்டால் கணக்கு வேறாக வரும்.

இதற்கிடையில் தம் பழைய செய்திகள், விளம்பரத்தில் எழுதிய வாசகம், படங்கள், பழுது பார்த்த ரசீதுகள் ஆகியவற்றை விற்றவர் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க வேண்டும். விளம்பரத்தை அழிப்பதால் பயனில்லை. வாங்கியவர் அதைப் படமெடுத்து வைத்திருக்கலாம். தாம் எழுதியதைத் தாமே மீண்டும் படித்துப் பார்த்தால், எங்கே நிற்கிறோம் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

பணம் கொடுப்பதா, காரைத் திரும்ப எடுப்பதா?

கேட்ட கேள்விகளுக்கு உண்மையான பதில் சொல்லி, ஓட்டிப் பார்க்க விட்டு, பதினைந்து ஆண்டுக் காருக்கு ஏற்ற விலையில் விற்றவருக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டியது எதுவும் இருக்காது. அதை அமைதியாகச் சொல்லிவிடலாம். ஆனாலும் நாளை ஒரே கல்யாண மண்டபத்தில் சந்திக்கப்போகிறவர் என்றால், பழுதுச் செலவில் ஒரு பங்கு கொடுத்து முடிப்பவர்கள் உண்டு. அது அவரவர் விருப்பம். கொடுப்பது கடமைக்காக அல்ல, உறவுக்காக என்பது மட்டும் எழுத்தில் தெளிவாக இருக்கட்டும்.

சொன்ன சொல் பொய் என்று தம் மனத்துக்கே தெரிந்தவரின் நிலை வேறு. அவர் விரைவாக முடித்துக்கொள்வது நல்லது. நாள் ஆக ஆக பழுதுச் செலவோடு இழுவை வண்டிச் செலவு, வேலைக்குப் போக கிராப் எடுத்த செலவு என்று கணக்கு ஏறும்.

காரைத் திரும்ப எடுத்துப் பணத்தைக் கொடுப்பது கேட்பதற்கு எளிதாக இருக்கும். நடைமுறையில் மறுபடியும் சோதனை, மறுபடியும் கைரேகை, மறுபடியும் காப்புறுதி என்று எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். காரின் உரிமையாளர் எண்ணிக்கையும் கூடிவிடும். வாங்கியவர் வங்கிக் கடனில் எடுத்திருந்தால் கடனையும் முடித்தாக வேண்டும். அதனால் சிறிய பழுதுகளுக்குச் செலவைப் பகிர்வதே இரு தரப்புக்கும் மலிவாக முடிகிறது. வெள்ளத்தில் மூழ்கிய கார், வெட்டி ஒட்டிய கார் போன்றவற்றில் திரும்ப எடுப்பதைத் தவிர வேறு தீர்வு இருப்பது அரிது.

எப்படி முடித்தாலும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இருவர் பெயர், அடையாள அட்டை எண், கார் எண், கொடுத்த தொகை, தேதி, "இந்தக் காரின் விற்பனை தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற ஒரு வரி ஆகியவை போதும். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழி அனுப்பினால் ரசீது தானாகக் கிடைத்துவிடும். இதைச் செய்யாமல் 1,000 வெள்ளி கொடுத்தவரிடம், அடுத்த மாதம் குளிரூட்டி வேலை செய்யவில்லை என்று மீண்டும் செய்தி வரும்.

வழக்கு என்று வந்தால்

வாங்கியவர் போகக்கூடிய எளிய இடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு. 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு, வழக்கறிஞர் வைக்காமல் தாமே 198ஆம் படிவத்தை நிரப்பி மனுச் செய்யலாம். அதற்கு மேற்பட்ட தொகைக்கு 100,000 வெள்ளி வரை அதே நீதிமன்றத்தில் வழக்கமான முறையில் வழக்குத் தொடரலாம்.

படிவம் கைக்குக் கிடைத்த 14 நாளுக்குள், விற்றவர் 199ஆம் படிவத்தில் தம் மறுப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். இதில் சோம்பல் கூடாது. "பொய் வழக்கு, நான் ஏன் போகணும்?" என்று தாளை மேசையிழுப்பறையில் போட்டுவிட்டவர்மீது, அவர் பக்கம் கேட்கப்படாமலேயே தீர்ப்பு வந்துவிடும். நியாயம் யார் பக்கம் என்பது அங்கே போய்ச் சொன்னால்தான் தெரியும். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் நீதிமன்றப் பதிவகத்திலோ, அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையிலோ விசாரிக்கலாம்.

வாங்கியவர் வீட்டு வாசலில் ஆள் சேர்த்து மிரட்டினால் போலீஸ் புகார் செய்யலாம். முகநூலில் படத்தோடு திட்டி எழுதினால், படமெடுத்து வைத்துக்கொண்டு, அங்கே பதில் எழுதாமல் இருப்பதே உத்தமம். போலீசும், கியர்பாக்ஸ் செலவு யாருடையது என்பதைத் தீர்த்து வைக்கும் இடமல்ல. அது சிவில் விவகாரம் என்று சொல்லி அனுப்பிவிடக்கூடும்.

பெயர் மாறாத காராக இருந்தால்

புகார் வரும்போது கார் இன்னும் விற்றவர் பெயரிலேயே இருந்தால், கியர்பாக்ஸைவிடப் பெரிய தலைவலி அதுதான். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, கார் கைமாறிய ஏழு நாளுக்குள் ஜேபிஜேவுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. புதியவர் பெயரில் பதியாமல் ஏழு நாளுக்கு மேல் காரை ஓட்டவும் கூடாது. அதுவரை வரும் சம்மன்கள் எல்லாம் பதிவில் உள்ளவர் வீட்டுக்கே வரும். விபத்து நடந்தாலும் முதலில் கதவைத் தட்டுவது அங்கேதான். இந்த நிலையில் சமாதானம் பேசும்போது, பணம் கொடுப்பதற்கு முன் பெயர் மாற்றம் நடக்க வேண்டும் என்பதை விற்றவர் முதல் நிபந்தனையாக வைக்கலாம்.

வங்கிக் கடன் முடியாத காரை "சம்போங் பாயார்" முறையில் கைமாற்றியவர்களுக்குப் புகார் சொல்லும் வழியே அடைபட்டுப் போகிறது. கடன் முடியும் வரை அந்தக் கார் வங்கியின் சொத்து. வங்கியை ஏமாற்றி அதை விற்பது வாடகைக் கொள்முதல் சட்டப்படி குற்றம். வாங்கியவர் தவணை கட்டாமல் மறைந்துபோனால் கடன் பட்டியலில் நிற்பது விற்றவர் பெயர். கார் கெட்டுப்போனால், பெயரே இல்லாத காருக்குப் பணம் கொடுத்துவிட்டு நிற்பது வாங்கியவர். இத்தகைய விவகாரத்தில் சிக்கியவர் வாங்கியவரோடு பேசுவதற்கு முன் வங்கியோடு பேச வேண்டும். எவ்வளவு பாக்கி, முடித்துப் பெயர் மாற்ற என்ன வழி என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

ஒப்பந்தம் தொடர்பான வழக்கைத் தொடரச் சட்டம் ஆறு ஆண்டு கால அவகாசம் தருகிறது. அதற்குள் பெரும்பாலோர் ஒரு முறையாவது கைப்பேசியை மாற்றியிருப்பார்கள். விற்பனைச் செய்திகளையும், கையெழுத்தான தாளின் படத்தையும், பெயர் மாற்றிய ரசீதையும் மின்னஞ்சலில் தமக்கே ஒரு முறை அனுப்பி வைத்துவிட்டால், பழைய கைப்பேசி எங்கே போனாலும் அவை கையில் இருக்கும்.